ஐந்து வாரம் பிந்திய ஈஸ்டர்

டொங். மறுபடியும் அடித்துவிட்டான். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தது, இப்போது மணி பத்தேகால், கை வலிக்காதா அந்த மனுஷனுக்கு என்று ரெமிஜியுஸ் மச்சாது பல்லைக் கடித்தார். ஒரு டொங், அப்புறம் அரை நிமிஷம் சத்தமே இல்லை, சரி, ஒழிந்தான் என்று நெஞ்சு லேசாகிற நேரம் பார்த்து இன்னொரு டொங். பெரிய வெள்ளிக்கிழமை எவனாவது மணி அடிப்பானா? தூத்துக்குடியில் பெரிய வியாழன் பூசை பாதியிலேயே மணி ஓய்ந்துவிடும், அப்புறம் சனிக்கிழமை உயிர்ப்புப் பூசை வரைக்கும் யாரும் கயிற்றைத் தொடமாட்டார்கள், மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள், ஆண்டவரே செத்துக் கிடக்கிறார், மணிக்கு என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு என்பது அங்கே உள்ள நியாயம். இங்கே தலைகீழ். இந்த ஊரில் எல்லாமே தலைகீழ். கிரீஸில், பிரேயஸ் துறைமுகத்துக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், பூட்டிக் கிடந்த கப்பல் ஏஜென்ட் ஆபீஸின் படியில் அவர் உட்கார்ந்திருந்தார், எட்டு மணியிலிருந்து. கண்ணாடிக் கதவு, உள்ளே எல்லாம் தெரிகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். அந்த ஆபீஸ் ஆள் கிரியாகோஸின் மேஜை தெரிகிறது. மேஜைமேல் ஒரு கூடை, கூடை நிறையச் சிவப்புச் சாயம் போட்ட முட்டைகள், நேற்று வியாழக்கிழமை எல்லா வீட்டிலும் முட்டைக்குச் சாயம் போடுவார்களாம். கூடைக்குக் கீழே இழுப்பறை. இழுப்பறைக்குள்ளே அவருடைய பாஸ்போர்ட். எட்டடி தூரம் இருக்குமா? எட்டடிதான். நாளை மத்தியானம் ஏதென்ஸிலிருந்து விமானம், ஞாயிறு சாயங்காலம் தூத்துக்குடி, திங்கட்கிழமை ஒரே மகளுக்குக் கல்யாணம், நடுவில் எட்டடி தூரமும் ஒரு கண்ணாடிக் கதவும். கல்லெடுத்து எறிந்தால் என்ன? என்னவா, போலீஸ் வரும். இல்லை, போலீஸும் வராது, அவனும் கோயிலுக்குப் போயிருப்பான்.

நேற்று கப்பலிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். ஐந்து பாஸ்போர்ட்டையும் முத்திரை குத்த வாங்கிப்போன கிரியாகோஸ், சாயங்காலம் புறப்பட வேண்டிய நாலு பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு மட்டும் ஓடிவந்து கொடுத்தான், உனக்குச் சனிக்கிழமைதானே, ஓட்டலுக்குக் கொண்டுவருகிறேன் என்றான், போய்விட்டான். ராத்திரி போன் வந்தது. பின்னால் கடல் காற்றும் குழந்தைகள் அழுகிற சத்தமும். படகில் இருக்கிறேன், என் தீவுக்குப் போகிறேன், மன்னித்துக்கொள் நண்பா, இழுப்பறையிலேயே வைத்துவிட்டேன், புதன்கிழமை வந்ததும் முதல் வேலை அதுதான், கலீ அனாஸ்தாசி. நல்ல உயிர்ப்பு விழாவாகட்டும் என்று அர்த்தமாம். பாஸ்போர்ட் இல்லாதவனுக்கு வாழ்த்து ஒரு கேடு! அதற்கப்புறம் போன் எடுக்கவே இல்லை. கம்பெனி அவசர எண்ணில் ஒரு பெண், அவளும் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கலீ அனாஸ்தாசி. ஓட்டல்காரன், கலீ அனாஸ்தாசி. ஆனால் யாரைத் திட்ட முடியும்? தேதி வைத்தது யார்? நவம்பரில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டது யார்? எனக்கு மாற்று ஆள் எப்போது வருவார், மகள் கல்யாணத்துக்கு நாள் பார்க்க வேண்டும். பதில் ஒரே வரி. ஈஸ்டரோடு பிரேயஸில் இறக்கிவிடுகிறோம். ஈஸ்டரோடு! இவர் உடனே மெட்டில்டாவுக்குப் போன் போட்டு, பங்குக் கோயில் காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பு என்றார், பெஞ்சாதியும் அனுப்பினாள், மார்ச் கடைசி ஞாயிறு ஈஸ்டர். இந்தக் கிரேக்கர்களுக்கு ஒரு வாரம் பிந்தும், அது அவருக்குத் தெரியாததா? மூன்று வருஷமாக இந்தக் கம்பெனியில்தான் செகண்ட் இன்ஜினியர், போன வருஷமும் ஒரு வாரம், அதற்கு முந்தின வருஷமும் ஒரு வாரம். சரி, ஒரு வாரம் என்ன, ஒரு மாசமே விட்டுக்கொடுக்கிறேன் என்று தாராளமாகக் கணக்குப் போட்டு மே முதல் திங்கள் என்று முடிவு பண்ணினார். பெரிய புத்திசாலி! இந்த வருஷம் ஐந்து வாரம். ஏன் ஐந்து வாரம் என்று கேப்டனைக் கேட்டதற்கு அவர் நிலா, பழைய காலண்டர் என்று ஏதோ காகிதத்தில் வரைந்து காட்டினார், ஒரு மண்ணும் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான். மார்ச் மாசம் இன்ஜின் ரூமில் எண்ணெய்க் கையோடு இவர் ஆண்டவரைச் சிலுவையில் அறைந்து, மூன்றாம் நாள் எழுப்பி, அல்லேலூயா பாடி முடித்தாயிற்று. இந்த ஊரில் இன்றைக்குத்தான் சாகிறார்.

அதுகூடப் போகட்டும், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்றால் ஒரு நியாயம். செவ்வாய்க்கிழமை எதற்கு? மே தினமாம். மே தினம் முந்தாநாள் புதன்கிழமை அல்லவா போயிற்று என்று கேட்டால், பெரிய வாரத்தில் வந்துவிட்டதே, அதனால் விடுமுறையைச் செவ்வாய்க்குத் தள்ளிவிட்டோம் என்கிறான் ஓட்டல்காரன், ஏதோ நாற்காலியை நகர்த்தின மாதிரி. புனித ஜார்ஜ் திருநாள் ஏப்ரலில்தானே, குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற அந்தப் புனிதரையும் தவக்காலத்தில் வரக்கூடாது, திங்கட்கிழமை வா என்று தள்ளிவிட்டார்களாம். இவ்வளவு பேரைத் தள்ளத் தெரிந்தவர்களுக்கு ஒரு இழுப்பறையைத் தள்ளித் திறக்க ஆளில்லை. இவர்கள் விடுமுறையால் அவர் பட்ட பாடு கொஞ்சமா? ஜனவரி ஆறாம் தேதி இதே துறைமுகத்தில் பம்புக்கு உதிரிபாகம் வரவேண்டும், வரவில்லை, என்னவென்று மேல்தளத்துக்கு வந்து பார்த்தால் ஆண்டவர் ஞானஸ்நானம் வாங்கின திருநாளாம், கரையில் தாடிக்காரப் பாதிரியார் சிலுவையைத் தூக்கித் தண்ணீரில் எறிகிறார், அந்தக் குளிரில் பத்துப் பேர் பின்னாலேயே குதிக்கிறார்கள், நின்ற கப்பல்களெல்லாம் ஊதுகின்றன, இவர் கப்பலும் ஊதுகிறது, பம்பு மட்டும் ஓடவில்லை. தவக்காலம் நமக்குச் சாம்பல் புதனில் நெற்றியில் சாம்பலோடு ஆரம்பிக்கும், இவர்களுக்குச் சுத்தத் திங்கள், மலைமேல் ஏறிப் பட்டம் விடுகிறார்கள், பட்டம்! மார்ச் இருபத்தைந்து மாதாவுக்கு வானதூதர் சொன்ன மங்களவார்த்தை, அன்றைக்கே சுதந்திரப் போர் தொடங்கின நாளும். பள்ளிப் பிள்ளைகள் கொடி பிடித்து நடப்பார்கள், வீடு வீடாக உப்புமீனைப் பொரித்துப் பூண்டு அரைத்துத் தொட்டுக்கொள்வார்கள். சரி, அதைக் குறை சொல்ல முடியாது, நமக்கும் ஆகஸ்ட் பதினைந்து மாதாவும் சுதந்திரமும் ஒன்றாகத்தானே வருகிறது, மிட்டாயும் ஒன்று, பூசையும் ஒன்று. அந்த அக்டோபர் இருபத்தெட்டுதான் தாங்க முடியாது. என்ன விழா என்று கேட்டால், உலகப் போரில் இத்தாலிக்காரன் வழிவிடு என்று கேட்டான், எங்கள் நாடு மாட்டேன் என்றது, அந்த மாட்டேனுக்கு விடுமுறை. அட எழவே! மாட்டேன், வேண்டாம் என்று சொன்னதற்கெல்லாம் விடுமுறை விட்டால் மெட்டில்டா வாய்க்கு வருஷம் முழுக்க விடுமுறைதான். வேண்டாம், இந்தக் கம்பெனி வேண்டாம். வேண்டாம், மகளைக் கப்பல்காரனுக்குக் கொடுக்க வேண்டாம். வேண்டாம், தேதியை வந்த பிறகு வைக்கலாம். இதில் எதைக் கேட்டார்?

டொங். எதிரே டீக்கடை மாதிரி இருந்த காபிக் கடையில் மட்டும் ஆள் இருந்தது. கடைக்காரர் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டே இவரை நாலைந்து தடவை பார்த்துவிட்டார். பார்க்கட்டும். காலையில் ஊருக்குப் பேசியதை நினைக்கக் கூடாது என்றுதான் மணியை எண்ணிக்கொண்டிருந்தார், மணிக்கும் மணிக்கும் நடுவிலே அது வந்து நின்றுகொள்கிறது. மகள் ஆக்சிலியாதான் எடுத்தாள். அங்கே எட்டரை மணி, பின்னால் பித்தளைப் பாத்திரம் விளக்குகிற சத்தம். பாஸ்போர்ட் விஷயத்தைச் சொன்னார். அப்படியாப்பா என்றாள். அந்த அப்படியாப்பாவைத் தாங்க முடியாமல், அடுத்த திங்கட்கிழமைக்கு மாத்திக்கலாமாம்மா, பாதர்கிட்டக் கேட்டுப் பாரேன் என்று இவரே அவசரப்பட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் உறைத்தது. மாப்பிள்ளை டென்சில் இருபதாம் தேதி கப்பல் ஏற வேண்டும். கல்யாணம் ஆறாம் தேதி நடந்தால் இரண்டு வாரம் சேர்ந்து இருப்பார்கள், பதின்மூன்றுக்குத் தள்ளினால் ஒரே வாரம். அந்த ஒரு வாரத்தையா கேட்டேன்? மகளிடம்? அவள் சரிப்பா, பாக்குறேன்பா என்றாள். குரலில் கோபமில்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பிச் சத்தம் போடலாம். மாத்தாவிட்டால் தம்பி கஸ்பார்தான் அவள் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போவான், நல்ல மனுஷன்தான், ஆனால் அவனுக்கு அழுகை சீக்கிரம் வரும். வேண்டாம். என் மகள், நான்தான் கூட்டிப்போவேன். எத்தனை வருஷம், எத்தனை நாள், ஒரு நாளாவது அந்தந்த நாளில் இருந்திருக்கிறேனா? அவளுக்கு ஆறு வயசாகும்போது செப்டம்பர் பிறந்தநாளை நவம்பரில் கொண்டாடினார்கள். உனக்கு என்றைக்குப் பிறந்தநாள் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு, எங்க அப்பா வந்தாத்தான் மிஸ் எனக்குப் பிறந்தநாள் என்றாளாம். இதை எத்தனை கப்பலில், எத்தனை தடவை சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறார், என்ன பெருமை அதில். முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மையை ஊர்ப் பிள்ளைகளோடு எடுக்காமல் ஜூலையில் தனியாக எடுத்தாள். கிறிஸ்மஸ் பிப்ரவரியிலும் வந்திருக்கிறது, ஏப்ரலிலும் வந்திருக்கிறது. போன டிசம்பர் கிறிஸ்மஸ் குடிலை இன்னும் பிரிக்கவில்லையாம், நீங்க வந்த பிறகுதான் எல்லாம் என்று மெட்டில்டா வைத்திருக்கிறாள், மாடியில் தொங்கவிட்ட நட்சத்திரத்துக்கு பிப்ரவரியிலேயே பல்ப் போய்விட்டது, பக்கத்து வீட்டில் சிரிக்கிறார்கள் என்று போன மாசம் புலம்பினாள். அப்போதும் இவர் கோபித்துக்கொண்டுதான் போனை வைத்தார்.

"யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்று காபிக் கடைக்காரர் தெருவைக் கடந்துவந்து கப்பல் இங்கிலீஷில் கேட்டார். கிரியாகோஸ் என்றார் ரெமிஜியுஸ். அவன் தீவுக்குப் போய்விட்டானே. தெரியும். மேனேஜரும் மலைக் கிராமத்துக்குப் போய்விட்டார். தெரியும். "பின்னே ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? ஸ்தமாத்தியாவைப் போய்ப் பார், தினம் காலையில் கூட்டிப் பெருக்குகிறவள், சாவி அவளிடம் உண்டு." ரெமிஜியுஸ் படியிலிருந்து எழுந்த வேகத்தில் முழங்கால் கதவில் இடித்தது. இதை எட்டு மணிக்குச் சொன்னால் என்னய்யா என்று தமிழிலேயே கேட்டார். எட்டு மணிக்கு நீ என்னைக் கேட்கவில்லையே என்கிற மாதிரி கடைக்காரர் தோளைக் குலுக்கினார், உண்மைதான், இவர் கதவை முறைத்தாரே தவிர யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கே இருக்கிறாள் அந்த அம்மா? தெருமுனைக் கோயிலில், பூ வைக்கிறாள். வேறெங்கே இருப்பாள். நடந்தார், நடந்தாரா, ஓடினார். வழியெல்லாம் பால்கனிகளில் கொடி, கோயில் வாசல் கம்பத்தில் கொடி அரைக்கம்பத்தில் தொங்குகிறது. மணி இப்போது தலைக்கு மேலேயே அடித்தது. உள்ளே கூட்டம். நடுவில் ஒரு சின்ன மண்டபம், பல்லக்கைவிடப் பெரிது, நாலு காலும் கூரையும் தெரியாதபடி வெள்ளைப் பூவும் ஊதாப் பூவும் குத்திக் குத்தி வைத்திருந்தார்கள், ஆண்டவருக்குக் கல்லறை. அடுத்தாற்போல் ஆண்டவரை இறக்கி, அவர் உருவம் தைத்த துணியை அதற்குள் கொண்டுவந்து வைப்பார்களாம். அதற்கு அடியில் குனிந்து நுழைந்து அந்தப் பக்கம் போக வரிசை நின்றது, கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கட்டுப் போட்ட காலோடு ஒரு பெண். யார் ஸ்தமாத்தியா என்று கேட்டார். அந்தப் பக்கம் என்று ஒருத்தி காட்டினாள். அந்தப் பக்கம் போக இடமில்லை, சுவர் வரைக்கும் ஆள், ஒரே வழி வரிசைதான். சேசுவே, இது என்ன சோதனை என்று ரெமிஜியுஸ் வரிசையில் நின்றார்.

குனியும்போது இடுப்பு பிடித்தது. பூவின் ஈரம் பிடரியில் பட்டது, வாசனை, சம்பங்கி இல்லை, வேறு என்னவோ, மெழுகுவாசனையும் கலந்து, அப்பாவின் பெட்டிக்குப் பக்கத்திலும் இப்படித்தான் இருந்திருக்கும், அப்பா செத்தபோதும் இவர் வரவில்லை, பிரேசில் பக்கம் இருந்தார், முப்பதாம் நாள் பூசையை நாற்பத்தைந்தாம் நாள் வைத்தார்கள், செத்தவரைக்கூடத் தள்ளிவைத்தோமே. நடுவில் ஒரு வினாடி நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர் முதுகைத் தள்ளினார். வெளியே வந்து நிமிர்ந்தால், மடி நிறையப் பூவிதழோடு கட்டையாக ஒரு அம்மா, அறுபது வயசிருக்கும், விரலெல்லாம் பச்சைக் கறை. ஸ்தமாத்தியா? தலையசைத்தாள். ஆபீஸ், சாவி, பாஸ்போர்ட், கிரியாகோஸ், இழுப்பறை என்று மூச்சு விடாமல் கொட்டினார். அவள் பீடத்தைக் காட்டி உடைந்த இங்கிலீஷில் சொன்னாள். "இப்போது இல்லை. இப்போது அவரைச் சிலுவையிலிருந்து இறக்கப் போகிறார்கள். அப்புறம்." எப்போது? ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். "அம்மா, என் மகளுக்குத் திங்கட்கிழமை கல்யாணம்" என்றார், சத்தமாகவே வந்துவிட்டது, நாலு பேர் திரும்பினார்கள். அவள் முகம் சுருங்கியது. ஈஸ்டர் முடிந்து மறுநாளே கல்யாணமா, யார் பெண் கொடுப்பார்கள் அப்படி? எங்களுக்கு ஈஸ்டர் முடிந்து ஐந்து வாரம் ஆயிற்று அம்மா. "முடிந்துவிட்டதா? உங்களுக்கு அவர் எழுந்துவிட்டாரா?" ஆமாம் என்றார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்த ஆண்டவரை வைத்துக்கொண்டா இப்படி ஒரு மூஞ்சி என்று கேட்பது போலிருந்தது அது. பிறகு மடியிலிருந்த இதழ்களைப் பக்கத்தில் இருந்தவளின் மடியில் கொட்டினாள், சிலுவை அடையாளம் போட்டாள், வா என்றாள். பின்கதவு வழியாகக் கூட்டிப்போனாள், பின்கதவு ஒன்று இருந்திருக்கிறது.

அரை நிமிஷ வேலை. சாவியைத் திருகினாள், விளக்கைப் போட்டாள், முட்டைக் கூடையைப் பத்திரமாக ஓரமாக நகர்த்தினாள், இழுப்பறை பூட்டே இல்லை, ஒரு உறை, உறைக்குள்ளே நீலப் பாஸ்போர்ட், முத்திரை குத்தி எல்லாம் சரியாக. ரெமிஜியுஸ் அதை விரித்துத் தன் போட்டோவைப் பார்த்தார், மூடினார், மறுபடி விரித்தார். இரண்டு மணி நேரம் படியில் உட்கார்ந்து ஒரு நாட்டையே திட்டியது இதற்கா? சிரிப்பு வந்தது. மாதாவே, வந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் சென்னையில் இருப்பேன், திங்கட்கிழமை அந்தச் சந்தனக் கலர் கோட்டைப் போட்டுக்கொண்டு மகள் கையைப் பிடித்து நடப்பேன், கஸ்பார் ஓரமாக நின்று அழட்டும். ஸ்தமாத்தியா ஒரு சிவப்பு முட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள், ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் உடைக்காதே என்று விரலை ஆட்டினாள். போனை எடுத்தார். அங்கே ஒன்றரை மணி, சாப்பாட்டு நேரம். முதல் மணியிலேயே ஆக்சிலியா எடுத்தாள்.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். முடிஞ்சிருச்சுப்பா, மாத்தியாச்சு." என்ன மாத்தியாச்சு என்று கேட்டார், தெரிந்தும். "நீங்கதானேப்பா சொன்னீங்க, அடுத்த திங்கள். பாதர் மொதல்ல முகத்தைச் சுளிச்சாரு, அப்புறம் சரின்னுட்டாரு. மண்டபம் அன்னைக்குக் காலியாத்தான் இருக்கு, இந்தத் திங்கள வேற ஆளு எடுத்துக்கிட்டாங்க. சித்தப்பா காலைல இருந்து போனும் கையுமா இருக்காரு, முந்நூறு வீட்டுக்குச் சொல்லியாச்சு. மாப்பிள்ளை வீட்ல அவங்க அண்ணன் குவைத்துல டிக்கெட்ட மாத்திட்டாரு." அவங்க வீட்ல ஏதும் சொன்னாங்களா? "என்னத்தச் சொல்லப்போறாங்க, அவங்களும் கப்பல்காரங்கதானே." டென்சில்? "அவருக்கு இருபதாம் தேதி ஏறணும். ஒரு வாரம் இருக்குல்லப்பா, போதும்." சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, போன் ஒரு கையில், முட்டை ஒரு கையில், பாஸ்போர்ட் கக்கத்தில். "பாஸ்போர்ட் கெடைச்சிட்டும்மா" என்றார். எப்ப? இப்பத்தான். அந்தப் பக்கம் மெட்டில்டா எங்கிருந்தோ என்னவாம், என்னவாம் என்று கேட்கிறாள். அப்போ ஞாயித்துக்கிழமையே வந்துருவீங்க என்றாள் ஆக்சிலியா. வந்துருவேன். "மறுபடி மாத்தணுமாப்பா? சொல்லுங்க, வேணும்னா பேசிப் பாக்குறேன்." உண்மையாகவே கேட்டாள். இப்போதே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள், பாதர் வீட்டுக்கு, மண்டபத்துக்கு, முந்நூறு வீட்டுக்கு. பாவி, நான் பழக்கிவைத்த பழக்கம் இது, எவனையோ எதற்காகக் காலையிலிருந்து திட்டினேன்? "வேண்டாம்" என்றார். "வேண்டாம்மா, இனிமே எனக்காக ஒண்ணையும் மாத்தாதீங்க." சரிப்பா என்றாள், சமாதானப்படுத்துகிற குரலில், அவள்தான் அவரைச் சமாதானப்படுத்துகிறாள். அப்புறம் ஏதோ நல்ல யோசனை வந்த மாதிரி, "திங்கட்கிழமை எல்லாரும் சும்மாதானேப்பா இருப்போம், கிறிஸ்மஸ் வச்சுக்கலாம், குடில் அப்பிடியேதான் இருக்கு" என்றாள். ரெமிஜியுஸ் வாயைத் திறந்தார், தெருமுனையில் மணி அடித்தது, அது ஓயட்டும் என்று நின்றார். கதவைப் பூட்டச் சாவியோடு காத்திருந்த ஸ்தமாத்தியா அவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரிம்மா" என்றார். "நட்சத்திரத்துக்கு பல்ப் வாங்கிட்டு வாறேன்."